வட்டம் போட மா சலித்தவர்களுக்கு

வணக்கம்.

ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் வெண்கட்டி வட்ட நாடகத்தை இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆட உதவிய எல்லோருக்கும் எங்கள் குழுவின் நன்றி. ஆளுநர் மனைவி விட்டுவிட்டுப் போன பிள்ளையை வேலைக்காரி குருஷா வளர்க்கிறாள்; பிறகு இருவரும் உரிமை கேட்க, நீதிபதி பிள்ளையை வட்டத்தின் நடுவில் நிறுத்தி, ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுக்கச் சொல்கிறார். இதுதான் கதை. இனி ஆட நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, யார் என்ன செய்துதந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தின் மாஸ்டர்மாருக்கு முதல் நன்றி. குருஷாவும் அவளை மணக்கவிருந்த படைவீரன் சைமனும் ஆற்றின் இரு கரைகளில் நின்று பேசும்போது, அவர்கள் வாய்விட்டுச் சொல்லாததைப் பாடகர் பாட வேண்டும். வசனமாக மொழிபெயர்த்து வைத்திருந்தவரை அந்த இடம் செத்துக் கிடந்தது. பின்பாட்டுக்காரர் வாய்க்குப் போனதும் உயிர் வந்தது. பனியில் தோல் தொய்ந்தால் தப்புப் பறையின் சத்தம் அமுங்கிவிடும். காட்சிக்குக் காட்சி நெருப்பில் காட்டி முறுக்கேற்றித் தந்தவர்கள் இல்லையென்றால் குருஷா பிள்ளையோடு பாலம் கடக்கும் காட்சியே இல்லை.

அடுத்து, மா சலித்த அக்காமார். வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்து ஈர மண்ணில் வெண்கட்டி பிடிக்காது. சுண்ணாம்புத் தூள் பிள்ளையின் கண்ணில் பட்டால் ஆபத்து. அரிசி மாவை வறுத்துச் சலித்து, மூடிபோட்ட டின்னில் வைத்திருந்து, கடைசி நேரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தூவ வேண்டும். முன்னதாகத் தூவினால் பனி குடித்துப் பசையாகிவிடும். முளையில் கட்டிய 2 அடிக் கயிறு போதும். வட்டம் 4 அடி வரும். 6 அடி போட்டால் இழுக்கிற பெண்களே வட்டத்துக்குள் நிற்பார்கள், பிறகு பிள்ளையை எங்கே வெளியே இழுப்பது?

சின்னப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் முழங்கை மூட்டு விலகும் என்று எச்சரித்த மருத்துவமாதுக்கும் நன்றி. மேற்கையைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, பின்காலில் பாரம் கொடுத்து உடம்பைச் சாய்த்தால் போதும், இழுப்பது போலவே தெரியும்.

இதே நாடகத்தை ஹென்றி ஜயசேன 1967இல் சிங்களத்தில் மேடையேற்றிய ‘ஹுணுவட்டயே கதாவ’வை வரிவரியாக விளக்கிய சிங்கள ஆசிரியரை மறக்க முடியாது. சிங்களத்தில் சுண்ணாம்பைக் குறிக்கும் ஹுணுவும் நம் சுண்ணாம்பும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை என்றதும் அவர்தான். புத்தரின் முற்பிறப்புக் கதைகளில் ஒன்றான உம்மக்க ஜாதகத்திலும் மகோசத பண்டிதர் கோடு கீறிப் பிள்ளையை இழுக்கச் சொல்வார். அதிலும், பிரெக்ட் கதை எடுத்த பழைய சீன நாடகத்திலும் மனம் பொறுக்காமல் கையை விடுபவள் பெற்றவள். சாலமோன் தீர்ப்பிலும் விட்டுக்கொடுப்பவள் அவளே. பிரெக்ட்டில் விடுபவள் வளர்த்தவள். எனவே ஆளுநர் மனைவியாக நடிப்பவர் இரண்டு தரமும் ஈவிரக்கமில்லாமல் இழுக்க வேண்டும். சற்றுத் தயங்கினாலும் பழைய கதைதான் மிஞ்சும். முன்வரிசையில் இருந்த தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாமாருக்கு இதையெல்லாம் யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

பள்ளத்தாக்கு பழைய சொந்தக்காரருக்கா, அதை நன்றாகப் பயன்படுத்துவோருக்கா என்ற முன்காட்சியை நீளம் கருதி வெட்டுவது பலருக்கு வழக்கம். நாங்கள் வெட்டவில்லை. 1944இல் பிரெக்ட் அமெரிக்காவில் அகதியாக இருந்தபோது எழுதிய இந்த நாடகம், 1948இல் மினசோட்டாக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலத்தில்தான் முதலில் மேடையேறியது; அவருடைய குழு பெர்லினில் ஜேர்மன் மொழியில் ஆடியது 1954இல். இங்கே மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் அதே 1948. நாடகத்தில் அதை நாங்கள் சேர்க்கவில்லை, பார்த்தவர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

நீதிபதி அஸ்டாக் குந்திய தடித்த புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டோம். இரவல் வாங்கிய இரண்டு படங்குகள் மட்டும் காயவில்லை, வெயில் கண்டதும் கொண்டுவந்து தருகிறோம்.