காதில் விழாத கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் போனில் "எப்போ ரிட்டயர் ஆகப்போறே?" என்று கேட்டாயாம். நான் "ஆமா, ஆமா" என்றேனாம். நீ கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய் என்று மகள் சொன்னாள். கேள்வி காதிலேயே விழவில்லை, அக்கா. அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் 1994 முதல் வயதைக் காட்டிப் பேராசிரியரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. வந்த புதிதில் அது வரமாகத் தெரிந்தது. இப்போது 66 வயதில், போதுமா போதுமா என்று ஒவ்வொரு செமஸ்டரும் நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பரில் புள்ளியியல் வகுப்பில் பின்வரிசைப் பெண் "சிக்ஸ்டி" என்றாள். நான் போர்டில் 50 என்று எழுதி, சராசரி வரைக்கும் போட்டுவிட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்து அவளே தயங்கித் தயங்கி வந்து சொன்னாள். வயதானால் முதலில் நழுவுவது கீச்சு ஒலிகளாம். 'ஸ்', 'ஃப்' எல்லாம் அதில் சேர்த்தி என்றார் காது டாக்டர். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. எனக்கு அதேதான்.

இப்போது யார் கேள்வி கேட்டாலும் போர்டில் எழுதி, "இதுதானே கேட்டாய்?" என்கிறேன். பாதிப் பேர் எழுதியதைப் பார்த்ததும் கேள்வியை மாற்றிக்கொள்கிறார்கள். முப்பது வருஷமாக வேகவேகமாகப் பதில் சொல்லியே பெயர் வாங்கியவள் நான்; அந்தப் பதில்களில் எத்தனை, அவர்கள் கேட்காத கேள்விக்கோ!

மாணவர்கள் எழுதும் மதிப்பீட்டில் எனக்கு "மெதுவாகப் போகிறார், பாவம்" என்று வந்தது. பக்கத்து அறைக்காரர் ஆண், என்னைவிட மூத்தவர், காது மெஷின் வைத்திருப்பவர். அவருக்கு "அனுபவசாலி". 2015ல் ஒரு ஆய்வு வந்தது. ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் பெயரை ஆணாக மாற்றிக் காட்டினால் மாணவர்கள் ஆசிரியருக்குப் போடும் மதிப்பெண் ஏறியது. மொத்தம் 43 மாணவர்கள்தான். இவ்வளவு சின்ன மாதிரியை என் மாணவன் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனாலும் படித்த அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காது மெஷின் வாங்கப் போகிறேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு செமஸ்டர் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உன் கேள்விக்குப் பதில். அதுவரை போனில் கத்தாதே அக்கா, கத்தினால் இன்னும் குழம்புகிறது. நிறுத்தி நிறுத்திப் பேசு.

உன்
தங்கை