அத்தைக்கு ஒரு கடிதம்: மாமாவைப் பற்றி நீங்கள் கேட்டது

அன்புள்ள அத்தைக்கு,

இறந்துபோன மாமாவின் உடலை எடுப்பதற்கு முன் வீட்டில் ஜெபிக்க வந்த பிரசங்கியார், ஞானஸ்நானம் பெறாமல் போனவர்களின் முடிவைப் பற்றி உங்கள் முன்னாலேயே பேசினார். இரண்டு வாரம் கழித்துப் போனில், “இனி அவரை நான் பார்க்கவே மாட்டேனா?” என்று கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. உங்களைப்போல் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பலர் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 3:21ஐத் திறந்து பாருங்கள். ‘நிறைவேறித் தீருங்காலங்கள்’ என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல் ‘அபோகடாஸ்டாசிஸ்’. கெட்டுப்போனது மறுபடி சீராவது என்று பொருள். சூம்பின கையை இயேசு நீட்டச் சொன்னபோது அது ‘சொஸ்தமாயிற்று’ என்று மாற்கு 3:5இல் வாசிக்கிறோமே, அங்கே வருவது இதே சொல்லின் வினை. ஒருவனுடைய கைக்கு அன்று நடந்தது சகலத்துக்கும் நடக்கும் காலம் வரும் என்றுதான் நான் அந்த வசனத்தை வாசிக்கிறேன். தமிழில் அந்தக் கை கண்ணில் படாமல் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம்.

இது இன்று நேற்று முளைத்த எண்ணம் அல்ல. நம் வேதாகமம் ‘பொந்து’ என்று சொல்லும் தேசத்தில், இன்றைய துருக்கியின் வடக்கே, மக்ரீனா என்ற கன்னிகை இருந்தார். 379ஆம் ஆண்டுவாக்கில் அவர் சாகக் கிடந்தார். கட்டில்கூட இல்லை, தரையில் ஒரு பலகை. காய்ச்சலில் மூச்சு இளைத்தது. அண்மையில்தான் ஒரு சகோதரரைப் பறிகொடுத்திருந்த அவருடைய தம்பி, நிசா நகரத்து ஆயர் கிரகோரியார், அழுதுகொண்டு வந்தார். சாகிறவர்தான் தம்பியைத் தேற்றினார். பிற்பாடு கிரகோரியார் எழுதிவைத்த அந்த உரையாடலில் ஒரு கயிறு வருகிறது. கயிறு முழுவதும் சேறு அப்பிக் காய்ந்திருக்கிறது. ஒரு முனையைச் சின்னத் துளையில் நுழைத்து இழுத்தால், சேறு உராய்ந்து வெளியிலேயே நின்றுவிடும், கயிறு இந்தப் பக்கம் வந்துவிடும். பாவம் ஒட்டிய ஆத்துமாவைக் கடவுள் தம்மிடம் இழுப்பதும் அப்படித்தான். வலிக்கும். ஆனால் அவர் இழுப்பது வலிக்கவைப்பதற்காக அல்ல, தம்முடையதைத் தம்மிடம் சேர்த்துக்கொள்வதற்காக. நெருப்பு இல்லை என்று மக்ரீனா சொல்லவில்லை. அது பொன்னை விட்டுவிட்டு மாசை மட்டும் தின்னும் என்றார்.

மறுப்பு உண்டு, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். இதை அவர்களுக்கு முன்பே போதித்த அலெக்சாந்திரியாவின் வேத ஆசிரியர் ஓரிகனை 553இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் கண்டித்தது. லுத்தரன் சபையாரின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும், தண்டனைக்கு முடிவு உண்டு என்போரை மறுக்கிறது. மத்தேயு 25இல் ‘நித்திய ஆக்கினை’ என்றே இருக்கிறது. ஆகவே மாமா கரை சேர்ந்துவிட்டார் என்று தீர்ப்பு எழுத எனக்கு அதிகாரம் இல்லை. சேரவே மாட்டார் என்று எழுத அந்தப் பிரசங்கியாருக்கும் இல்லை. கிரகோரியாரை எந்தச் சங்கமும் தள்ளவில்லை. கிழக்கிலும் மேற்கிலும் அவர் இன்றும் புனிதர்தான். அவர் நம்பியதை நீங்கள் நம்பிக் காத்திருப்பது விசுவாசத் துரோகம் ஆகாது, அத்தை.

ஒன்று நினைவிருக்கிறதா? செவலை முதல் கன்று போட்ட இரவு. கன்றின் முன்கால் மடங்கியிருந்தது. மாமா முழங்கைவரை உள்ளே விட்டு, காலை நிமிர்த்தி, கயிறு கட்டி, அது முக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விடியும்போது கன்றை எடுத்தார். திண்ணையில் நீங்கள் ரோமர் 8 வாசித்துக்கொண்டிருந்தீர்கள். ‘சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது’ என்ற இடம் வந்ததும், கை கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “இதை எழுதினவர் மாடு வளர்த்தவரா?” என்று கேட்டார். பிறகு, “அப்படியானால் இது சாகிற வலி இல்லையே” என்றார். வேதம் படிக்காத அவர் சொன்னதைவிடத் தெளிவாக அந்த வசனத்தை எனக்கு யாரும் விளக்கியதில்லை. மனிதர் மட்டும் அல்ல, சர்வ சிருஷ்டியும். செவலையும் அதில் உண்டு.

பொங்கல் விடுமுறைக்கு வருகிறேன். அந்த அதிகாரத்தை இருவரும் அதே திண்ணையில் உட்கார்ந்து வாசிப்போம். செவலை மறுபடி சினையாக இருக்கிறது என்றீர்களே, இப்போது எத்தனையாவது மாதம்?

அன்புடன்,
உங்கள் மருமகன்