கூரை போன மலை

குன்னூர்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்றதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பசுந்தேயிலை விலையைப் பற்றி மட்டும் கேட்காதே, அப்புறம் கடிதம் முழுக்க அதுவே ஆகிவிடும்.

நீ கேட்ட ‘அன்ரூஃப்’ (unroof) என்ற ஆங்கிலச் சொல் விஷயத்துக்கு வருகிறேன். அகராதியில் பார்த்தால் வீட்டுக் கூரையைப் பிரிப்பது என்று இருக்கும். நிலவியல்காரர்கள் அதைப் பாறைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆழத்தில் கிடந்த பாறைக்கு மேலே இருந்ததெல்லாம் நீங்கி, அது வெளியே தெரிய வருவது. பொருள் அவ்வளவுதான். அதை எப்படிப் புழங்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அரிப்பு என்றால் போனதைப் பற்றிய பேச்சு. இந்த வினைச்சொல்லின் கண் அடியில் மிஞ்சியதன் மேல். ‘ஆறு மண்ணை அன்ரூஃப் செய்தது’ என்று யாரும் எழுத மாட்டார்கள். ‘கிரானைட்டை அன்ரூஃப் செய்தது’ என்பார்கள். பெரும்பாலும் செய்தது யார் என்றே சொல்லாமல், ‘இன்ன காலத்தில் அன்ரூஃப் ஆனது’ என்று முடித்துவிடுவார்கள். அதுவும் நியாயம்தான். மழை, ஆறு, நிலச்சரிவு எல்லாம் சேர்ந்து செய்த வேலைக்கு யார் பெயரைப் போடுவது? சில இடங்களில் அரிப்புக்குப் பெரிய பங்கே கிடையாது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நிலம் இழுபட்டு, சாய்வான பிளவு வழியாக மேலடுக்குகள் நழுவி விலக, அடிப்பாறை மேலே வந்திருக்கிறது. அதற்கும் இதே சொல்தான்.

‘எக்ஸ்யூம்’ (exhume) என்று இன்னொன்றும் உண்டு. புதைத்த பிணத்தைத் தோண்டி எடுக்க உத்தரவு போடுவார்களே, அதே சொல். பாறை மேல்நோக்கி வருவதைச் சொல்ல ‘எக்ஸ்யூம்’, மேலே மூடியிருந்தது கழன்றதைச் சொல்ல ‘அன்ரூஃப்’. கட்டுரைகளில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

நம் மலையையே எடுத்துக்கொள். ரோட்டை அகலப்படுத்தச் சரிவை வெட்டிய இடங்களில் மேலே செம்மண், கீழே உளுத்துப்போன பாறை, அதற்கும் அடியில் கருநீலமாக ஒரு கல் தெரியும். அது சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் இருப்பதும் இந்த வகைதான். அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல்காரர் இந்தப் பெயரை வைத்தார். நீலகிரியில் இருப்பதற்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. அதிலுள்ள கார்னெட், பைராக்ஸீன் போன்ற கனிமங்கள் எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு சூட்டில் உருவாகியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வருகிறது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அப்படியானால் இதன் தலைமேல் எத்தனை தொட்டபெட்டா இருந்திருக்கும், யோசித்துப் பார்!

அத்தனை கனம் போயும் மலை ஏன் தாழவில்லை என்று கேட்பாய். பூமியின் மேலோடு தன்னைவிட அடர்த்தியான பாறைமேல் மிதக்கிற மாதிரி நிற்கிறது. மேல்பாரம் குறைந்தால் மிச்சம் எழும்பும். ஒரு கிலோமீட்டர் கரைந்தால் சுமார் 800 மீட்டர் எழும்பிவிடும் என்பதால், உயரத்தில் உண்மையாகக் குறைவது 200 மீட்டர்தான். கரையக் கரைய எழும்பி, எழும்ப எழும்பக் கரைந்துதான் அடியில் இருந்தது இவ்வளவு தூரம் வர முடிகிறது.

எப்போது வெளியே வந்தது என்று பார்க்க ஒரு வழி அபடைட் என்ற கனிமம். அதிலுள்ள யுரேனிய அணுக்கள் பிளக்கும்போது படிகத்தில் நுண்ணிய தழும்பு விழும். சுமார் 110 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் தழும்பு ஆறிவிடும், குறைந்தால் தங்கிவிடும். அந்தச் சூடு மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது. ஆகவே தழும்புகளை எண்ணினால் பாறை அந்த ஆழத்தைக் கடந்து மேலே வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும்.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கூரையில் மேலே இருந்தது முதலில் ஆற்றில் போகும். சமவெளியில் அதுவே அடிப்படிவம். கடைசியில் திறந்த பாறையின் கூழாங்கல் எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்காரும். மலையின் வரிசை கீழே தலைகீழாக இருக்கும். கிரானைட் கூழாங்கல் முதன்முதலில் எந்த அடுக்கில் தென்படுகிறதோ, அதற்குள் மேலே கிரானைட்டின் கூரை போயாயிற்று என்று அர்த்தம்.

ஸ்லோவேனியாவில் குகைகளுக்கும் இப்படிச் சொல்கிறார்கள். சுண்ணாம்புக்கல் தரை கரைந்து இறங்கிக் கூரை இல்லாமல் போன குகைகள். 1990களில் நெடுஞ்சாலை போட வெட்டியபோது நிறைய அகப்பட்டனவாம்.

இங்கிருந்து பவானி, மோயாறு வழியாகப் போகும் தண்ணீர்தான் காவிரியில் சேர்ந்து உன் ஸ்ரீரங்கத்துக்கும் வருகிறது. அடுத்த தடவை ஆற்றுக்குப் போனால், கருமணல் ஒதுங்கிய இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளி வை. சிவப்புப் பொடி தெரிந்தால் அது கார்னெட்டாக இருக்கலாம், லென்ஸில் பார்த்துவிடுவோம்.

ஏப்ரல், மே வேண்டாம், சீசன் கூட்டம் தாங்காது. டிசம்பரில் வா, ஸ்வெட்டர் மறக்காதே. காரில் வருவதானால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்பு, போன மாதம் என் மச்சான் அது இல்லாமல் வந்து கல்லாரில் ஒரு மணி நேரம் நின்றார்.

அன்புடன்,
ராமநாதன்