எண்ணெய்: பூஜ்யம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு வார்த்தையில் என்னை மூட்டை கட்டிவிடுகிறாய். கடிதத்தில் அது முடியாது பார்.

எடை குறைக்க ஆரம்பித்த அன்றைக்கு ஒரு சாப்பாட்டு அட்டவணை எழுதிப் படம் எடுத்து அனுப்பினாயே, அதை நான் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை. கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். போன வாரம்தான் போனில் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாய். எழுத்து இன்னும் அதே எழுத்துதான், 'ழ'வுக்கு வால் கொஞ்சம் நீளம். பெருமையாகத்தான் இருந்தது. எடுத்த காரியத்தை இந்த வீட்டில் முடிக்கிற ஒரே ஆள் நீதான். உன் தம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திங்கட்கிழமைக்கு மட்டும் எழுதியிருக்கிறாய். காலையில் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை போடாத கருப்புக் காபி. பதினொரு மணிக்கு ஒரு ஆப்பிள். மதியம் அவித்த காய் ஒரு கிண்ணம், அவித்த கோழி இரண்டு துண்டு. ராத்திரி ஒரு வெள்ளரிக்காய், கொழுப்பு எடுத்த தயிர் ஒரு கப். மற்ற ஆறு நாளுக்கும் 'மேற்படி' என்று இரட்டைக் கோடு இழுத்துவிட்டாய். அடியில் சிவப்பு மையில் ஒரு வரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

தினமும் ஒரே சாப்பாடு என்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அம்மாதான் "வாய்க்கு ருசியாக மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாதா" என்று புலம்புகிறாள். நான் உன் கட்சி. வகை கூடினால் வயிறும் கூடக் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஒரே பண்டம் என்றால் நாலு வாயில் அலுத்துவிடும், பத்துப் பண்டம் இருந்தால் ஒவ்வொன்றிலும் முதல் வாய் புதிது. விருந்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு இனிப்புக்கு மட்டும் இடம் கண்டுபிடிக்கிறோமே, அந்தக் கணக்குதான். ஒரே சாப்பாடு என்றால் ஒரு தடவை அளந்தால் போதும், வாரத்துக்கு ஒரே சாமான் பட்டியல், வேலை முடிந்து சோர்ந்து வரும்போது என்ன சாப்பிடலாம் என்று நிற்கவும் வேண்டாம். அப்படி நிற்கிற நேரத்தில்தானே கண்டதெல்லாம் வாய்க்குள் போகிறது. என் காலைச் சாப்பாட்டில் பத்து வருஷமாக ஒரு மாற்றமும் கிடையாது, உனக்கே தெரியும். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

ஆனால் கூட்டல் எனக்கு இடிக்கிறது. உன் திங்கட்கிழமையை ஒரு பேப்பரில் எழுதிக் கூட்டினேன். தாராளமாகப் போட்டும் 600 கலோரியைத் தாண்டவில்லை. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி கூட்டினேன். பாப்பா, 800-க்குக் கீழே போகிற சாப்பாட்டை டாக்டர் கண்காணிப்பில்தான் கொடுப்பார்கள், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு. உன்னை எந்த டாக்டர் கண்காணிக்கிறார்? பிரிட்ஜ் கதவா?

ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. செலவாவதைவிட ஒரு நாளைக்கு 500 குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோ போல இறங்கும். அரையிலிருந்து ஒரு கிலோ வரை இறங்கினால் நல்ல வேகம் என்கிறார்கள். முதல் வாரம் மட்டும் கிடுகிடுவென்று இறங்கும், அதில் பெரும்பகுதி தண்ணீர், கணக்கில் சேராது. நீ பத்து வாரத்தில் 15 கிலோ என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வயிற்றைப் பிசைந்தது.

மெதுவாகப் போ கண்ணு. வேறொன்றும் வேண்டாம், மெதுவாகப் போ.

ராத்திரி இரண்டு மணிக்குச் சமையல் வீடியோ அனுப்புகிறாய். ஒரு வாரத்தில் பதினொன்று வந்தது, எண்ணினேன். வெண்ணெயைக் குழைப்பது, கேக்கை வெட்டுவது, பாலாடைக்கட்டி இழுபடுவது. "பாருங்கப்பா, எவ்வளவு அழகு" என்று ஒரு வரி. காலையில் அம்மாவுக்குக் காட்டுவேன், "குழந்தைக்குச் சமையலில் ஆசை வந்துவிட்டது" என்று அவள் சந்தோஷப்படுவாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் ஒரு சோதனை நடந்தது. நல்ல உடம்புள்ள 36 இளைஞர்கள், தாங்களாக முன்வந்தவர்கள், ஆறு மாதம் அரைவயிறு சாப்பிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்தது உன் அட்டவணையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், அதைக் கவனி. கொஞ்ச நாளில் சாப்பாட்டைத் தவிர அவர்களுக்கு வேறு நினைப்பே இல்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். அதைப் படித்தபோது உன் பதினோரு வீடியோவும் கண்முன்னால் வந்தது. நான் சும்மா ஏதாவது நினைத்துக்கொள்கிற ஆள்தான். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ குனிந்து எதையோ எடுத்தாய். வகிடு அகலமாகத் தெரிந்தது. வெளிச்சம் அப்படி விழுந்திருக்கலாம். சட்டென்று எடை இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும் என்று படித்தேன், திரும்ப வளர்ந்துவிடும் என்றும் போட்டிருந்தது. அம்மாவுக்கு உன்னிடம் கேட்க வேறொன்று இருக்கிறது, அதை நான் எழுத முடியாது. அவள் கேட்கும்போது மழுப்பாமல் பதில் சொல், போதும்.

அட்டவணையைக் கிழிக்கச் சொல்லவில்லை. அதிலேயே கொஞ்சம் திருத்து. முட்டையை முழுசாகச் சாப்பிடு. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, அதில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சள் கருவில்தான். பி12-உம் பெரும்பாலும் அங்கேதான். காசு கொடுத்து வாங்கி, நல்லதைக் குப்பையில் போடுகிறாய். எடை குறைக்கிறவர்கள் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராமாவது புரதம் சாப்பிட்டால் நல்லது, இல்லையென்றால் கொழுப்போடு சதையும் கரையும். உன் எடை எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். 65 என்று வைத்துக்கொண்டால் 80 கிராம் வரும். உன் திங்கட்கிழமையில் 40-ஐத் தொட்டாலே பெரிசு. கோழியை உள்ளங்கை அளவாக்கு, வேகவைத்த பயறு ஒரு கிண்ணம் சேர். தானியம் ஏதாவது ஒரு கைப்பிடி இருக்கட்டும், அது உனக்கு எதிரி இல்லை. ராத்திரிக்கு வெள்ளரிக்காயை மட்டும் நம்பாதே, அது முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர்தான். மதியம் சாப்பிட்டதையே கொஞ்சம் குறைத்து ராத்திரிக்கும் வைத்துக்கொள், ஒரே சமையலாகப் போகும். இரட்டைக் கோடு அப்படியே இருக்கட்டும், காயின் நிறம் மட்டும் நாளுக்கு நாள் மாறட்டும். இன்றைக்குப் பச்சை என்றால் நாளைக்கு ஆரஞ்சு.

தினமும் எடை பார்க்கிறாய் என்று தம்பி சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன். உப்பு, தண்ணீர், தூக்கம் இதற்கெல்லாம் முள் ஒரு கிலோ இப்படியும் அப்படியும் ஆடும். வாரத்துக்கு ஒரு நாள் போதும். மஞ்சள் கருவைத் தூக்கிப் போடாதே. ஏற்கெனவே சொல்லிவிட்டேன் இல்லையா, சரி.

இப்போது அந்தச் சிவப்பு வரி. 'எண்ணெய்: பூஜ்யம். அப்பாவுக்கு வந்தது எனக்கு வேண்டாம்.' அடியில் இரண்டு கோடு.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு நேரமும் முட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆபரேஷன் உனக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தின வருஷம் நான் ஏழு வாரத்தில் 11 கிலோ குறைத்தேன். ஆபீசில் எல்லோரும் ரகசியம் கேட்டார்கள், பழைய பேன்ட்டைப் போட்டு இடுப்பில் கையை விட்டுக் காட்டினேன், நீ கைதட்டினாய். அப்போது என் சாப்பாடும் இதே லட்சணம்தான், சொட்டு எண்ணெய் கிடையாது. சில மாதம் கழித்து ஒரு ராத்திரி வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்த வலி தோள்பட்டை வரைக்கும் ஏறியது. பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்த டாக்டர் என்னைப் பார்த்து முதலில் கேட்டதே "சமீபத்தில் வேகமாக எடை குறைத்தீர்களா?" என்றுதான். உடம்பு கொழுப்பை அவசரமாகக் கரைக்கும்போது ஈரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலை அதிகமாகத் தள்ளும் என்றார். சாப்பாட்டில் கொழுப்பே இல்லாவிட்டால் பித்தப்பைக்குச் சுருங்கி விரிகிற வேலை இல்லை, பித்தநீர் உள்ளேயே தேங்கும். தேங்கினால் கல். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்குகிறவர்களுக்கு இந்த அபாயம் அதிகமாம். ஏழு வாரத்தில் பதினொன்று, வகுத்துப் பார். பிறகு உன் பதினைந்தைப் பத்தால் வகு.

அம்மா அப்போது கீழே மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தாள். மேலே வந்து "டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள். "எண்ணெய்ப் பண்டம்தான் காரணமாம்" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவ்வளவு பேரிடம் பெருமையடித்த பிறகு என் புத்திசாலித்தனம்தான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவள் அன்றைக்கே வாணலியைப் பரணில் போட்டாள். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் "என் சமையலால்தான் இவருக்கு" என்று சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீகூட அவளிடம் சண்டை போட்டாய், "நீதானே அப்பாவை இப்படிப் பண்ணின" என்று. அப்போதும் நான் பேப்பரை மடிக்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அந்தப் பொய் உன் பிரிட்ஜ் கதவில் சிவப்பு மையில் ஒட்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அதனால் அந்த வரியை அடித்துவிடு. மதியம் ஒரு டீஸ்பூன், ராத்திரி ஒரு டீஸ்பூன் எண்ணெய், கண்மதிப்பாக இல்லாமல் ஸ்பூனில் அளந்து. ஒரு டீஸ்பூனுக்கு 40 கலோரிதான். கேரட்டின் சத்து உடம்பில் சேரக்கூடக் கொழுப்பு கொஞ்சம் வேண்டும். விலாவுக்குக் கீழே எப்போதாவது வலிக்கிறதா? சாப்பிட்ட பிறகு, முக்கியமாக ராத்திரியில்? வலித்தால் "சரிப்பா" என்று சொல்லாதே. இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார், அட்டவணையையும் கையில் கொண்டுபோ.

கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன். அவள் இப்போது கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஐந்து நிமிஷம் கழித்துச் சொல்கிறேன்.

அன்புடன்
அப்பா

பி.கு.: படித்துவிட்டாள், இரண்டு தடவை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "குழந்தை ராத்திரிக்கு என்ன எழுதியிருக்கா, காட்டுங்கோ" என்று மட்டும் கேட்டு என் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மணி நேரம் ஆகிறது, இன்னும் போன் வரவில்லை. உனக்கு என் நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் அது நானில்லை, எடு.