கம்பெனிச் சட்டம் எழுதிய வாத்தியார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டம் படித்தவர்களுக்கு என்னென்ன வேலைகள் காத்திருக்கின்றன என்று கடந்த இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வழக்கறிஞர், நீதிபதி, கம்பெனி செக்ரட்டரி, பெரிய சட்ட நிறுவனங்கள் தரும் சம்பளம் என்று எல்லாம் விரிவாக இருந்தது. பேராசிரியர் வேலைக்கு மட்டும் கடைசியில் ஒரே ஒரு வரி. பாடம் நடத்தப் பிடித்தவர்கள் நெட் தேர்வு எழுதலாமாம். கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் கம்பெனி செக்ரட்டரியாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மேசையில் இருந்த சட்டப் புத்தகங்களில் நான் அதிகம் நம்பியது ஒரு வாத்தியார் எழுதியதைத்தான். அதனால் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அவர் பெயர் எல்.சி.பி. கோவர். 1913-ல் பிறந்த ஆங்கிலேயர். முதலில் சொலிசிட்டராக, அதாவது ஒருவகை வழக்கறிஞராகத் தொழில் செய்தார், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1948-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் வணிகச் சட்டப் பேராசிரியர் ஆனார். 1954-ல் நவீன கம்பெனிச் சட்டத்தின் கோட்பாடுகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. இந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்பதோடு அவர் நிறுத்தவில்லை. இந்த விதி எதற்காக வந்தது, இன்றைக்கும் அது தேவையா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டார். இந்தியச் சட்டக் கல்லூரிகளில் படித்த எத்தனையோ பேருக்கு அந்தக் கேள்விதான் கம்பெனிச் சட்டத்தில் ருசி காட்டியது. அவர் காலத்துக்குப் பிறகும் மற்ற பேராசிரியர்கள் திருத்தி, அவர் பெயரிலேயே அந்தப் புத்தகம் புதுப் பதிப்புகள் கண்டுகொண்டிருக்கிறது.

புத்தகம் எழுதும் பேராசிரியர்கள் நிறைய உண்டு. கோவரைப் பற்றி நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்த கதை.

1957-ல் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடான கானா, புதிய கம்பெனிச் சட்டம் வேண்டுமென்று அடுத்த ஆண்டே அவரை அழைத்தது. ஒரே ஆள் கொண்ட ஆணையம். அவர் 1961-ல் இறுதி அறிக்கை கொடுத்தார், 1963-ல் அது சட்டமானது. லண்டன் சட்டத்தை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கோவர் அதைச் செய்யவில்லை. தன் புத்தகத்தில் குறை கண்ட விதிகள் பலவற்றைக் கானாவில் தூக்கி எறிந்தார்.

பங்குக்குக் கம்பெனி குறித்து வைக்கும் பெயரளவு மதிப்பான முகமதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் பங்கு என்கிறோம். சந்தையில் அது ஆயிரத்துக்கும் போகும், இரண்டு ரூபாய்க்கும் விழும். பங்கின் உண்மையான மதிப்பைப் பற்றி அந்தப் பத்து ரூபாய் எதையும் சொல்வதில்லை. விவரம் தெரியாத முதலீட்டாளரைக் குழப்புவதற்கு மட்டும் அது நன்றாகப் பயன்படுகிறது. பத்து ரூபாய் பங்கு எட்டு ரூபாய்க்குக் கிடைக்கிறது, தள்ளுபடி விலை என்று நினைத்து வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். கானா சட்டத்தில் முகமதிப்பே கிடையாது. கம்பெனியின் நோக்கங்களைச் சொல்ல மெமோராண்டம், உள்விதிகளைச் சொல்ல ஆர்ட்டிக்கிள்ஸ் என்று இரண்டு ஆவணங்கள் எதற்கு, ஒன்று போதும் என்றார். ஒரே ஆள் கம்பெனி தொடங்கலாம் என்றார். இயக்குநர்களின் கடமைகளைப் பழைய தீர்ப்புகளில் தேட விடாமல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். இயக்குநர்களின் கடமைகளைப் பிரிட்டனே சட்டமாக எழுதியது 2006-ல். முகமதிப்பை நீக்கியதும், ஒரே ஆவணம் போதும் என்றதும், ஒற்றைப் பங்குதாரர் கம்பெனியை அனுமதித்ததும் இலங்கையில் 2007-ம் ஆண்டுச் சட்டம். ஒரு நபர் கம்பெனியும் இயக்குநர் கடமைகளைப் பட்டியலிடும் 166-ம் பிரிவும் இந்தியாவுக்கு வந்தது 2013-ல். முகமதிப்பு நம்மிடம் இன்னும் இருக்கிறது. கோவரின் கானா சட்டமோ 2019 வரை நின்றது.

கம்பெனியின் நோக்கங்களைத் தாண்டி அது செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்ற பழைய கொள்கையையும் அவர் கேள்வி கேட்காமல் விடவில்லை. நல்லெண்ணத்தோடு கம்பெனியிடம் வியாபாரம் செய்த வெளியாள், அதன் நோக்கப் பட்டியலைப் படிக்கவில்லை என்பதற்காக ஏன் பணத்தை இழக்க வேண்டும்? கானாவில் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லும், வரம்பு மீறும் இயக்குநர்களைத் தடுக்கும் உரிமை பங்குதாரர்களுக்கு உண்டு. அதே 1963-ம் ஆண்டுத் தொகுப்புகளில்தான் நம் உச்ச நீதிமன்றத்தின் லட்சுமணசுவாமி முதலியார் வழக்குத் தீர்ப்பும் இருக்கிறது. சென்னையின் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தது. அது கம்பெனியின் நோக்கத்துக்கு வெளியே போய்விட்டது, கொடுத்த இயக்குநர்களே திருப்பிக் கட்ட வேண்டும் என்று முடிந்தது. பாலிசிதாரர்கள் பணத்தைக் காத்த தீர்ப்பு என்று அதைப் பாராட்டவும் இடமுண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு பேராசிரியர் அந்தக் கொள்கையை வேரிலிருந்து கேள்வி கேட்டுப் புதிதாக எழுதினார். இங்கே இருந்ததை வைத்து நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாத்தியாரிடம் சட்டத்தைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்கு இது போதும்.

பிறகு கோவர் நைஜீரியாவின் லாகோஸ் பல்கலைக்கழகத்தில் சட்டத் துறைத் தலைவராக இருந்தார். துணைவேந்தர் நியமனத் தகராறில் 1965-ல் அங்கே நிலைமை குலைந்தது. ஊர் திரும்பியவர் இங்கிலாந்தின் முதல் சட்ட ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவரானார். 1971 முதல் 1979 வரை சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய பெரிய வேலை வந்தது. 1981-ல் லண்டனில் நார்ட்டன் வார்பர்க் என்ற முதலீட்டு நிறுவனம் கவிழ்ந்தது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தை விட்டு விலகிய ஊழியர்கள்கூடத் தங்கள் பணத்தை அங்கே ஒப்படைத்திருந்தார்கள். அரசு அதே ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்பை முழுதாக ஆராயும்படி கோவரைக் கேட்டது. மறுபடியும் ஒரே ஆள். 1984-ல் அவருடைய அறிக்கை வந்தது. 1986-ல் நிதிச் சேவைகள் சட்டம் நிறைவேறியது. அனுமதி பெறாமல் முதலீட்டுத் தொழில் நடத்துவது குற்றம், அப்படிப்பட்டவர் போட்ட ஒப்பந்தத்தை வாடிக்கையாளர் மீது திணிக்க முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஸ்.இ.சி. போன்ற அரசு ஆணையத்தை அன்றைய அரசு விரும்பவில்லை. தரகர்களும் நிதி நிறுவனங்களும் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்தும் அமைப்புகளை வைத்துச் சட்டம் சமரசமாகத்தான் வந்தது. அந்தச் சமரசம் நீடிக்கவில்லை, 2000-ம் ஆண்டுச் சட்டம் எல்லா அதிகாரத்தையும் ஓரிடத்தில் குவித்தது. விவரம் உள்ள சாதாரண மனிதனை யாரும் ஏமாளியாக்கக் கூடாது, சட்டம் அந்த அளவுக்குக் காத்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்பது கோவரின் அளவுகோல். எவ்வளவு தெளிவான அளவுகோல்! பணம் போட்டவனின் பேராசையைக் காப்பது சட்டத்தின் வேலை இல்லை, அவனுடைய நம்பிக்கையைக் காப்பதுதான் வேலை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி நம் பக்கம் பார்ப்போம். 1956-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்துக்கு வழிசெய்த குழுவுக்குத் தலைவர் சி.எச். பாபா. 1977-ல் நீதிபதி சச்சார். கம்பெனி நிர்வாகம் பற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைத்த குழுக்களுக்குக் குமார் மங்களம் பிர்லா, நாராயண மூர்த்தி, உதய் கோடக். மத்திய அரசு அமைத்தவற்றுக்கு நரேஷ் சந்திரா, ஜே.ஜே. இரானி. தொழிலதிபர், நீதிபதி, வங்கியாளர், ஐ.ஏ.எஸ். அதிகாரி எல்லோரும் இருக்கிறார்கள். இவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதில் ஒரு சட்டப் பேராசிரியர்கூடத் தலைவராக இல்லை. கம்பெனிகளை நடத்துகிறவர்களையே கம்பெனிகளுக்கான விதிகளைச் சொல்லச் சொன்னால், அவர்களுக்குத் தெரிந்த சிரமங்கள்தான் முதலில் மேசைக்கு வரும். தூத்துக்குடியில் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியவரின் சிரமம் எப்போது வரும்?

விதிகளும் கையைக் கட்டுகின்றன. வழக்கறிஞர் ஒருவர் நாளுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தலாம். முழுநேரச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. சரி, வழக்காட வேண்டாம். அரசுக்கும் செபிக்கும் சட்டம் எழுதிக் கொடுக்கவாவது அவரை அழைக்கலாமே. கோவரைப் போன்றவர்கள் நம் கல்லூரிகளில் இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களிடம் யாரும் வேலை கொடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலேயே அப்படி ஒரு வேலை காத்திருக்கிறது. 1990-களில் நிதி நிறுவனங்களிலும், தேக்கு வளர்த்து லாபம் தருவதாகச் சொன்ன தேக்குமரத் திட்டங்களிலும் நம் மக்கள் பணத்தைத் தொலைத்தார்கள். முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தை நம் மாநிலம் 1997-லேயே கொண்டுவந்தது. தேக்குமரத் திட்டங்கள் போன்றவற்றுக்கான விதிகளைச் செபி 1999-ல் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் தங்கத்தின் பெயரிலும் மாத வட்டியின் பெயரிலும் அதே கதை நடந்துகொண்டிருக்கிறது. பறிமுதல் செய்த சொத்தை விற்றுப் பணம் கைக்கு வருவதற்குள் எத்தனையோ பெரியவர்கள் இறந்துவிடுகிறார்கள். இந்தச் சட்டம் எங்கே தடுக்கிக்கொள்கிறது என்று ஆராய, தமிழக அரசு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலிருந்தோ திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலிருந்தோ ஒரே ஒரு பேராசிரியரை நியமிக்கட்டும். இரண்டு ஆண்டு அவகாசமும், கோப்புகளைப் பார்க்கும் அதிகாரமும், உதவிக்கு நான்கு மாணவர்களும் கொடுத்தால் போதும். அறிக்கையைத் தமிழில் வெளியிட வேண்டும்.

உங்கள் அடுத்த வேலைவாய்ப்புக் கட்டுரையில் நம் சட்டப் பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேரையாவது சந்தித்து, அவர்கள் என்ன ஆராய்கிறார்கள் என்று விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கம்பெனி செக்ரட்டரி ஒருவர்,
கோயம்புத்தூர்