எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள்

பெங்களூரு தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கான, புது வருஷத்துக்கு ஒரு வேத வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டைகளை நீங்கள் அச்சுக்குக் கொடுப்பதற்குள் இந்தக் கடிதம் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

அந்த அட்டைகள் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வழவழப்பான தாள், ஒரு நீர்வீழ்ச்சி அல்லது சூரியோதயம், மூலையில் பாஸ்டரும் பாஸ்டரம்மாவும். ஆராதனை முடிவதற்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். மறுநாள் ஆட்டோ கண்ணாடியிலும் பீரோ கதவிலும் ஒட்டியிருக்கும். வரும் வசனங்களும் நமக்கு மனப்பாடம்: 'வாலாக்காமல் தலையாக்குவார்', 'இடங்கொள்ளாமற்போகுமட்டும்' ஆசீர்வாதம். ஒரு வருஷம் என் பக்கத்தில் நின்ற அக்கா தட்டிலிருந்து எடுத்த அட்டையில் 'திடன்கொள்ளுங்கள். நான் உலகத்தை ஜெயித்தேன்' என்று இருந்தது. யோவான் 16:33. அதே வசனத்தில் அதற்கு முன்னால் வரும் 'உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு' என்ற பகுதியைக் காணோம். இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது, நீர்வீழ்ச்சிக்கு இடம் இருந்தது.

அடிக்கடி அச்சாகிற இன்னொன்று எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' சைட் ரிஜிஸ்டர் ஆக, ஆன்சைட் வாய்ப்பு வர, பையனுக்கு மெடிக்கல் சீட் கிடைக்க என்று எல்லாவற்றுக்கும் இதைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். அந்த வசனம் யாருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது என்று மேடையிலிருந்து சொல்லிக் கேட்டது அபூர்வம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது அது. அதற்கு முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். இன்றைக்கு என்றால் கைதட்டல் அடங்கியிருக்காது. எரேமியாவே 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்கிறார். கேலியாகச் சொன்னார் என்பார்கள் சிலர். எனக்கென்னவோ அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கும் என்றே படுகிறது. ஆனால் கர்த்தர் சொன்ன கணக்கு எழுபது வருஷம். அந்த எழுபது 29:10-ல் இருக்கிறது. நம் அட்டை அதற்கு அடுத்த வசனத்தில் தொடங்குகிறது! கடிதம் வாசிக்கக் கேட்டவர்களில் வயதானவர்கள் ஊர் திரும்பாமலே கண்ணை மூடியிருப்பார்கள். வாக்குத்தத்தம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்னும் கொஞ்சம் மேலே போனால் 5-ஆம் வசனம்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள். 7-ஆம் வசனம்: நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள், அதன் சமாதானத்தில்தான் உங்கள் சமாதானம். நம்மை யாரும் சிறைபிடித்து வரவில்லை, பிழைக்க வந்தோம். இருந்தாலும் 1991-லும் 2016-லும் காவிரிக்காக இந்த நகரம் பற்றியெரிந்தபோது கடை ஷட்டரை இழுத்துவிட்டு, வீட்டுக்குள் தமிழைத் தாழ்ந்த குரலில் பேசியவர்களுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றோம். அந்த வருஷம் எத்தனை சபைகளில் 'என் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் தாரும்' என்பதைத் தாண்டி நகரத்துக்காக ஜெபம் ஏறெடுக்கப்பட்டது?

வயிறு நிறைந்தவன் பேசுகிற பேச்சு என்று நினைக்காதீர்கள். வாடகைக்கும் மருந்துக்கும் ஜெபிப்பதை நான் குறை சொல்லவில்லை. அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவரே ஆண்டவர்தான். ஆனால் அற்புதங்களைக் கண்டதினால் அல்ல, அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள் என்று கப்பர்நகூமில் முகத்துக்கு நேராகச் சொன்னவரும் அவர்தான். பந்தியில் உட்காரவைத்து, இலையில் சோறு விழாமல் பாயசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டே போகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். சர்க்கரை ஏறுவது ஏழைக்குத்தான். பல மடங்காகத் திரும்பி வரும் என்று நம்பி விதைக் காணிக்கை போட்டும் வேலை கிடைக்காதவனிடம் 'விசுவாசம் குறைவு', 'மறைவான பாவம் இருக்கும்' என்று சொல்லி அனுப்புகிறார்கள். வேலையும் இல்லை, இப்போது தேவனும் இல்லை என்று அவன் வீட்டுக்குப் போகிறான்.

2001-ல் சுரங்கம் மூடிய பிறகு கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறியவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் தங்கம் தோண்டிய ஊர். சம்பளம் நின்று, குவாட்டர்ஸ் ஒழுகி, அப்பா சுரங்கத் தூசியால் வந்த சிலிகோசிஸ் நுரையீரல் நோயில் இருமிக்கொண்டிருந்த காலத்திலும் பாட்டுப் புத்தகத்தை மூடாதவர்கள். அவர்களைச் சாட்சி சொல்ல மேடைக்கு யாராவது கூப்பிட்டதுண்டா? நம் சாட்சி நேரம் கார் வாங்கியவர்களுக்கும் விசா வந்தவர்களுக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. 'அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்' கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி பாடியது, கேட்டது கிடைக்காதவனின் சாட்சிதானே.

ஆகவே இந்த வருஷம் அட்டை வேண்டாம் என்று கேட்கவில்லை, பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். 11-ஆம் வசனத்தையே போடுங்கள், ஆனால் 10-ஐயும் 13-ஐயும் சேர்த்துப் போடுங்கள். முழு இருதயத்தோடும் என்னைத் தேடினால் கண்டுபிடிப்பீர்கள் என்று 13 சொல்கிறது. அங்கே அவர் தருவதாகச் சொல்வது தம்மையே. அன்றிரவு பிரசங்கத்துக்கு முன் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து சத்தமாக வாசியுங்கள். சாட்சி நேரத்தில், கேட்டது கிடைக்காமலும் இன்னும் ஆராதனைக்கு வருகிற ஒருவருக்கு மைக்கைக் கொடுங்கள். வாசிப்புக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. நேரம் போதாது என்றால் கட்டட நிதி அறிவிப்பை ஜனவரி முதல் ஞாயிறுக்குத் தள்ளி வையுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
பின்வரிசையில் உட்காருகிற ஒரு சபையார்