கணக்கு நோட்டு கேட்டவளுக்கு

ஏட்டி,

உன் பேரை இங்க எழுத மாட்டேன். ஸ்கூல் பேரும் ஊர் பேரும் கூட வேண்டாம். என்கூட வேலை பாக்கறவங்க சிலர் இதைப் படிப்பாங்க, அந்த சாரும் இன்னும் இருக்காரு, நடக்க முடியாம வீட்டோட இருக்காருன்னு கேள்வி. அவரைப் பத்தி ரொம்ப பேசப் போறதில்ல.

போன திங்கக்கிழமை கொடியேத்தி முடிச்சு க்ளாஸுக்குள்ள போறேன், போர்டு ஓரத்துல ஒரே ஒரு பேரு எழுதி அடியில கோடு போட்டிருக்கு. லீடர் பிள்ளைகிட்ட என்னம்மா இதுன்னு கேட்டா, "ஜன கண மன பாடவே இல்ல மிஸ், வாயை மூடிக்கிட்டு நின்னுச்சு, எழுதி வைக்கச் சொன்னாங்க"ங்குது. அதுக்கு முகமெல்லாம் பெருமை. விரல்ல சாக்பீஸ் மாவு அப்பியிருந்துச்சு. எனக்கு அப்படியே வயித்தைப் பிசைஞ்சுடுச்சு.

1994. எட்டாங்கிளாஸ். லீடர் நான். நீ யெகோவாவின் சாட்சிகள் சபைக்காரங்க வீட்டுப் பிள்ளை, தேசிய கீதம் பாட மாட்ட.

சார் யாரு பாடலன்னு கேட்டப்போ நான் யோசிக்கக்கூட இல்ல, உன் பேரைச் சொல்லிட்டேன். இதுக்கு காரணம் கேட்டா என்னால சொல்ல முடியும். சொல்லாட்டி எனக்கு அடி விழும், அந்தப் பெரம்பு உனக்கும் தெரியும். அதோட உன்மேல எனக்கு கோவம் இருந்துச்சு. ரெண்டு வாரம் முன்னாடிதான் என் பொறந்தநாள். எங்கம்மா கடன் சொல்லி வாங்கிக் குடுத்த சாக்லேட் பாக்கெட், க்ளாஸ்ல எல்லாருக்கும் ஒண்ணு, உனக்கு மட்டும் ரெண்டு எடுத்து வெச்சிருந்தேன், நீ கையை பின்னாடி கட்டிக்கிட்டு "நாங்க பொறந்தநாள் கொண்டாட மாட்டோம்"னு சொல்லிட்ட, எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க, நான் நீட்டுன கையை மடக்கவும் தெரியாம நிக்கறேன். தனியா கூப்பிட்டு சொல்லியிருக்கலாம்ல? பதிமூணு வயசுப் பிள்ளைகிட்ட அதெல்லாம் எதிர்பாக்கறது தப்புதான். ஆனா அதே பதிமூணு வயசுதான் எனக்கும்.

பேர் சொன்னதுக்கு இவ்வளவு காரணம் இருக்கு. மத்ததுக்கு இல்ல.

ரெண்டு பீரியட் அந்தக் கொடிக்கம்பத்து பக்கத்துல, சரளைக்கல்லுல முட்டி போட்டுட்டு வந்த. பெஞ்சுல உக்காந்து பாவாடையை லேசா ஒதுக்குன, முட்டி பூரா குழி குழியா, ஒரு குட்டிக்கல்லு தோலுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதை நகத்தால நெம்பி எடுத்து கீழ போடாம ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள, அந்த காம்பஸ் பக்கத்துல வெச்ச. நீ அழுவன்னு பாத்தேன். திரும்பி என்கிட்ட, "கணக்கு நோட்டு குடு, ரெண்டு பீரியட் போச்சு"ன்ன.

நான் இன்னும் முடிக்கலன்னேன். முடிச்சிருந்தேன்டி. பைக்குள்ளதான் இருந்துச்சு. நீ சரின்னு தலையாட்டிட்டு முன்னாடி பெஞ்சுல கேட்ட. உனக்கு யார் காட்டிக்குடுத்தாங்கன்னு அப்போ தெரியுமா தெரியாதான்னு இன்னி வரைக்கும் எனக்கு தெரியாது. தெரிஞ்சும் கேட்டியோன்னு நெனைக்கறப்பதான் தூக்கம் போயிடுது.

அப்புறம் உங்கப்பா வந்து டிசி வாங்கிட்டுப் போனாரு. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லல நீ. எனக்கு அது இப்பவும் வலிக்குது, தப்பு என்மேல இருந்தும் வலிக்குது, என்ன பண்ண.

நான் பி.எட் படிக்கறப்போதான் பிஜோ இம்மானுவேல் வழக்கைப் படிச்சேன். உங்க ஆளுங்க மத்தியில இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதையா இருக்கும், எனக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது. கேரளாவுல கோட்டயம் ஜில்லாவுல மூணு பிள்ளைங்க, ஒரே வீடு, உங்க சபைதான், பத்தாவது ஒம்பதாவது அஞ்சாவது. உன்னை மாதிரியே எந்திரிச்சு நின்னாங்க, பாடல. 1985 ஜூலைல ஸ்கூலை விட்டே அனுப்பிட்டாங்க. கேரளா ஹைகோர்ட்டுல தோத்துப்போயி, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, 1986 ஆகஸ்ட் 11 தீர்ப்பு வந்துச்சு. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதுன தீர்ப்பு. தேசிய கீதத்தை எல்லாரும் பாடியே ஆகணும்னு இந்த நாட்டுல ஒரு சட்டமும் கெடையாது, மரியாதையா எந்திரிச்சு நின்னா அது அவமரியாதை ஆகாது, தேசிய கீதத்தை அவமதிக்கறதைத் தடுக்கற 1971 சட்டத்துல குத்தம்னு இருக்கறது பாடறவங்களைத் தடுக்கறதும் அங்க கலாட்டா பண்றதும்தான். பேச்சுரிமையில பேசாம இருக்கற உரிமையும் அடக்கம். பிள்ளைங்களை திரும்ப சேத்துக்கோன்னு சொல்லி, கடைசியில நம்ம மரபு சகிப்புத்தன்மையை சொல்லிக்குடுக்குது, நம்ம அரசமைப்பு அதை நடைமுறையில வெச்சிருக்கு, அதுல தண்ணி கலக்காதீங்கன்னு முடிச்சிருப்பாரு.

ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து கணக்குப் போட்டு பாத்தேன். 1986. நீ முட்டி போட்டது 1994. அந்த எட்டு வருஷத்துல ஒரு சர்க்குலராவது நம்ம ஸ்டாஃப் ரூமுக்கு வந்திருக்குமா, வந்து யாரும் படிக்காம விட்டாங்களான்னு தெரியாது. நம்ம புத்தகத்தோட மொத பக்கத்துலயே உறுதிமொழி இருந்துச்சுல்ல, சமயம் மொழின்னு வர்ற பூசலை எல்லாம் அமைதி வழியிலயும் அரசமைப்பு வழியிலயும் தீத்துக்குவேன்னு? திங்கக்கிழமை தவறாம கையை நீட்டி அதை சத்தமா சொல்லிட்டுதான் உன்னை கல்லுல முட்டி போட வெச்சோம்.

ஒண்ணு சொல்லிடறேன், நீ தப்பா நெனைச்சாலும் பரவால்ல. உன் மதத்துமேல மரியாதை வந்துட்டதால இதை எழுதல. எனக்கு சாமி இல்ல, உன் சாமியும் இல்ல எங்கம்மா சாமியும் இல்ல. ரத்தம் ஏத்திக்க மாட்டோம்ங்கற உங்க கொள்கையை நெனைச்சா எனக்கு குலை நடுங்குது, ஒரு பிள்ளைக்கு ஒண்ணுன்னா டாக்டர் பக்கம்தான் நான் நிப்பேன், நீ எதிர்ல நின்னாலும். எங்க பாட்டி செத்த அன்னிக்கு நீ குடுத்த சின்ன புஸ்தகம், சிங்கமும் ஆட்டுக்குட்டியும் படம் போட்டது, அதைக் குடுத்த நேரம் தப்பு. அதெல்லாம் வேற. அரசாங்கத்து காசுல நடக்கற பள்ளிக்கூடம் உன்னோடதும்தான். முழுக்க அரசு பணத்துல நடக்கற ஸ்கூல்ல மத போதனை கூடாதுன்னு அரசமைப்போட 28வது பிரிவு சொல்லுது, எய்டட் ஸ்கூல்லயும் வீட்ல சம்மதிக்காம எந்தப் பிள்ளையையும் சாமி கும்பிட வைக்க முடியாது. ஆனா ஆயுத பூஜைக்கு போர்டுல பொட்டு வெச்சு பொரி குடுக்கறப்போ ரெண்டு மூணு பிள்ளைங்க வாசல்ல நிக்கறதை வருஷா வருஷம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பாத்துக்கிட்டு சம்பளமும் வாங்கிட்டுதான் இருந்தேன்.

திங்கக்கிழமை போர்டை நானே அழிச்சேன். லீடர் பிள்ளையைத் திட்டல, பக்கத்துல உக்கார வெச்சு பேசுனேன், அவ்வளவு பேசியும் அதுக்கு என்ன புரிஞ்சுதோ. அடுத்த நாள் தீர்ப்பை பிரிண்ட் எடுத்துட்டு ஹெட்மாஸ்டர் ரூமுக்கு போனேன். பிள்ளையை அடிக்கவோ முட்டி போட வைக்கவோ கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவுலயே இருக்குன்னும் சொன்னேன். "எதுக்கு டீச்சர் வம்பு, நாளைக்கு யாராவது வீடியோ எடுத்துப் போட்டா யார் பதில் சொல்றது"ன்னாங்க. அவங்க பயமும் நெசம்தான். எழுத்துல குடுங்கன்னாங்க. குடுத்துட்டேன், கையெழுத்து போட்டு, தேதி போட்டு. அதுக்கப்புறம் ஸ்டாஃப் ரூம்ல நடந்ததை இங்க எழுதறது சரியில்ல.

அந்தப் பிள்ளை எந்த வகுப்பு, ஆணா பொண்ணா, என்ன மதம்னு யாரும் கமெண்ட்ல கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்.

உனக்காகத்தான் இதெல்லாம் பண்ணேன்னு சொன்னா பொய். அந்தப் பேரு போர்டுல இருந்ததை பாக்க முடியல, அவ்வளவுதான். ஆனா லெட்டர் எழுதறப்போ உன் முட்டிதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு.

மன்னிச்சுடுன்னு கேக்கறதுக்கு முன்னாடி அந்த சாக்லேட்டும் ஞாபகத்துக்கு வந்துடுது, என்னால ரெண்டையும் பிரிக்க முடியல. மன்னிச்சுடு. நோட்டு குடுக்காததுக்கு.

ஆகஸ்ட் 15 வருது. ஹெட்மாஸ்டர் இன்னும் பதில் குடுக்கல. அந்தப் பிள்ளை குட்டை, அதனால வரிசையில மொத ஆளா நிக்கும், எல்லார் கண்ணுலயும் படும். நான் வழக்கமா டீச்சர்ங்க நிக்கற வேப்பமரத்தடிக்கு போகல, அந்த வரிசைக்கு பக்கத்துலயே நிக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.